சமூக ஆய்வில் அமைப்பு மாதிரிகள்

மக்கள்தொகை, தொழில், உணவு, வளம் ஆகியவற்றைத் தனித்தனியே எண்ணாமல், ஒன்றையொன்று பாதிக்கும் சுழற்சிகளாகச் சமன்பாடுகளில் எழுதிக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் ஆய்வுமுறை இது. இதன் முதன்மைக் கிளையான அமைப்பு இயங்கியலைத் தோற்றுவித்தவர் அமெரிக்கப் பொறியாளர் ஜே ஃபாரஸ்டர் (1918–2016).

மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் (எம்.ஐ.டி.) கணினி நினைவகங்களை உருவாக்கிய அவர், 1956இல் அங்குள்ள மேலாண்மைப் பள்ளிக்கு மாறினார். அப்போது ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் கென்டக்கி ஆலைகளில் சில காலம் கூடுதல் ஷிஃப்ட் ஓடும். பிறகு ஆட்குறைப்பு வரும். வணிகச் சுழற்சிதான் காரணம் என்ற விளக்கம் ஃபாரஸ்டருக்குப் போதவில்லை. கையிருப்பு, ஆர்டர், ஆட்கள் என்று காகிதத்திலேயே கணக்கிட்டுப் பார்த்தார். ஆர்டர் சீராக வந்தாலும் ஆலையின் சொந்த விதிகளே அந்த ஏற்ற இறக்கத்தை உண்டாக்கும் என்று தெரிந்தது. இந்தக் கண்டுபிடிப்புதான் துறையின் வித்து. அதை விரித்தெழுதிய நூல் 1961இல் வெளிவந்தது.

ஆலையிலிருந்து நகரத்துக்குச் சென்றது அடுத்த நகர்வு. பாஸ்டன் மேயராக இருந்து விலகிய ஜான் காலின்ஸுடன் நடந்த உரையாடல்களிலிருந்து 1969இல் நகர மாதிரி பிறந்தது. மலிவு வீடுகளைக் கட்டுவது, வேலைதரும் நிறுவனங்களுக்கான நிலத்தை விழுங்கி ஏழைகளின் நிலையை மோசமாக்கும் என்றது அது. கடும் எதிர்ப்பு எழுந்தது. புறநகர்களைக் கணக்கில் கொள்ளாத மாதிரி என்பது விமர்சகர்களின் வலுவான வாதம்.

1970இல், உலகப் பிரச்சினைகளை ஆராயும் சிந்தனையாளர் அமைப்பான ரோம் மன்றத்தின் வேண்டுகோளுக்கிணங்க ஃபாரஸ்டர் உலகத்துக்கே மாதிரி வரைந்தார். அதை விரிவாக்கி டொனெல்லா மெடோஸ், டென்னிஸ் மெடோஸ், யோர்கன் ராண்டர்ஸ், வில்லியம் பெஹ்ரன்ஸ் ஆகியோர் 1972இல் 'வளர்ச்சியின் எல்லைகள்' நூலை வெளியிட்டனர். மக்கள்தொகை, உணவு, தொழில், மாசு, தீர்ந்துபோகும் வளங்கள் ஆகிய ஐந்தின் போக்கு மாறாவிட்டால், நூறாண்டுக்குள் வளர்ச்சி எல்லையை முட்டும் என்பது அதன் முடிவு. நூல் பல மொழிகளில் விற்றுத் தீர்ந்தது. தொழில்நுட்ப முன்னேற்றத்தைக் குறைத்து மதிப்பிட்டுவிட்டார்கள் என்று 1973இல் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மறுத்தனர்.

இதைவிட ஆழமான மறுப்பு அர்ஜென்டினாவிலிருந்து வந்தது. அமில்கார் எரேரா தலைமையில் பாரிலோச்சே நிறுவனம் 1976இல் தன் மாதிரியை வெளியிட்டது. மெடோஸ் குழு உலகைப் பிரிக்காமல் ஒரே அலகாகக் கொண்டதால், செல்வ நாட்டுக்கும் வறிய நாட்டுக்கும் உள்ள வேறுபாடு அதில் மறைந்திருந்தது. உலகின் பெரும்பாலான மக்களுக்கு நெருக்கடி வரப்போவதல்ல, ஏற்கெனவே வந்துவிட்டது என்றனர் எரேரா குழுவினர். அவர்கள் எதிர்காலத்தைக் கணிக்கவில்லை. உணவு, வீடு, கல்வி, மருத்துவம் எல்லோருக்கும் கிடைக்கும் சமூகத்தை இலக்காக வைத்து, அதை எட்டப் பொருள்வளம் போதுமா என்று கணக்கிட்டனர். போதும், தடை சமூக அமைப்பில்தான் என்பது அவர்களின் முடிவு. எதை மாறாததாக எழுதுகிறோம் என்பதே மாதிரியின் அரசியல் என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் காட்டவில்லை.

முழு அமைப்பிலிருந்து தொடங்கும் இவற்றுக்கு மாறாக, தனிமனிதர்களின் முடிவுகளிலிருந்து தொடங்கும் மாதிரிகளை தாமஸ் ஷெல்லிங் 1971இல் குடியிருப்புப் பிரிவினை ஆய்வில் முன்வைத்தார். கணினிகள் மலிவானதும் அவை பெருகின. அமைப்பு இயங்கியலின் வழியிலேயே, 2022இல் ரோம் மன்றத்தின் 'அனைவருக்கும் பூமி' திட்டம் ஏற்றத்தாழ்வையும் சமூகப் பதற்றத்தையும் மாதிரிக்குள் சேர்த்தது. 1972 நூலின் ஆசிரியர்களுள் ஒருவரான ராண்டர்ஸ் அதிலும் பங்காற்றினார்.