சன்டவுனர்: ஓர் உல்லாசப் படகின் யுத்தமும் மறுவாழ்வும்

1940ஆம் ஆண்டு மே 26 முதல் யூன் 4 வரை, பிரான்சின் டன்கேர்க் துறைமுகத்திலிருந்தும் அதனை அடுத்த கடற்கரைகளிலிருந்தும் 3,38,226 படையினர் இங்கிலாந்துக்கு மீட்கப்பட்டனர். உல்லாசப் படகுக்காரரும் மீனவரும் தாமாகவே திரண்டெழுந்து இதனைச் சாதித்தனர் என்பது பிரித்தானிய மக்களிடையே வேரூன்றிய கதையாகும். உண்மையில், மீட்கப்பட்டோருள் மூன்றில் இரண்டு பங்கிற்கு மேற்பட்டோர் துறைமுகத்து அலைதடுப்பு அணையிலிருந்து பெருங்கப்பல்களில் ஏறியே நாடு திரும்பினர். சிறுபடகுகளிற் பலவற்றைச் செலுத்தியோரும் கடற்படையினரே. 30 அடி முதல் 100 அடி வரை நீளமுள்ள இயந்திர உல்லாசப் படகுகளின் விபரங்களைப் பதினான்கு நாட்களுள் அறிவிக்குமாறு மே 14இல் வானொலியில் விடுக்கப்பட்ட கட்டளைகூட டன்கேர்க்கை மனங்கொண்டு எழுந்ததன்று.

இப்பின்னணியிலேயே ‘சன்டவுனர்’ என்னும் படகின் வரலாறு நோக்கற்பாலது. அறுபது அடிக்கும் குறைந்த நீளமுடைய இது 1912இல் பிரித்தானியக் கடற்படைக்கான நீராவிப் படகாகக் கட்டப்பட்டது. கைவிடப்பட்ட நிலையிற் கிடந்த அதனை 1929இல் விலைக்கு வாங்கி, 1930இல் இயந்திர உல்லாசப் படகாக மாற்றியவர் சாள்ஸ் லைற்றொலர். ‘ரைற்றானிக்’ கப்பலின் இரண்டாம் அதிகாரியாக இருந்து உயிர் தப்பியவர். அக்கப்பல் மூழ்கியதும் இப்படகு பிறந்ததும் ஒரே ஆண்டில் என்பது தற்செயலே. ‘சன்டவுனர்’ என்பது அந்தி சாயும் நேரத்திற் பண்ணைகளை வந்தடையும் நாடோடியைக் குறிக்கும் அவுஸ்திரேலிய வழக்கு. லைற்றொலரின் மனைவி அந்நாட்டவர்.

மே 31 மாலை, படகைக் கடற்படையிடம் ஒப்படைக்குமாறு அவருக்குத் தொலைபேசியிற் கூறப்பட்டது. அப்போது அவருக்கு வயது 66. படகு செல்வதானால் தாமே செலுத்திச் செல்வதாக அவர் உறுதியாக நின்றார். மூத்த மகன் றோஜரும் சாரண இளைஞர் ஒருவரும் உடன் சென்றனர். யூன் 1 காலை றாம்ஸ்கேற்றிலிருந்து புறப்பட்ட அவர்கள், வழியில் தீப்பற்றியெரிந்த ‘வெஸ்ரேலி’ என்னும் படகிலிருந்தோரையும் ஏற்றிக்கொண்டனர்.

லைற்றொலரின் இளைய மகன் விமானப்படையிற் சேர்ந்து, யுத்தம் மூண்ட மறுநாளே, 1939 செப்டெம்பர் 4இல், வில்ஹெல்ம்ஸ்ஹாபன் மீதான தாக்குதலில் மாண்டவன். விமானங்கள் தாக்கும் முறையையும் அவற்றிலிருந்து தப்பும் உபாயங்களையும் அவன் தந்தைக்கு முன்னரே விளக்கியிருந்தான். பாய்ந்துவரும் விமானம் சுடத் தொடங்குமுன் தன் மூக்கைச் சற்றே உயர்த்தும். அக்கணம் வரை பொறுத்திருந்து சுக்கானை முழுதாகத் திருப்பினால் குண்டுகள் விலகிப்போகும். இறந்த மகனின் பாடமே அன்று தந்தையையும் தமையனையும் காத்தது. அத் தமையனும் 1945 மார்ச்சில், கிரான்வில் துறைமுகத் தாக்குதலிற் பலியானான்.

டன்கேர்க்கில் ‘வூஸ்ரர்’ என்னும் நாசகாரிக் கப்பலருகே படகு நிறுத்தப்பட்டது. அதுவரை 21 பேருக்கு மேல் அதில் ஏறியதில்லை என்பது லைற்றொலரின் கூற்று. அன்றோ ஏறத்தாழ 130 பேர்! கீழ்த்தளத்து அறைகளிற் சரக்கு அடுக்குவதுபோல் முதலில் ஆட்களை நிரப்பி, அவை நிறைந்த பின்னரே மேற்தளத்தில் ஏற்றினர். படுத்தே இருக்கவேண்டும் என்பது கட்டளை. எழுந்து ஒரு பக்கம் சாய்ந்திருப்பின் படகு கவிழ்ந்திருக்கும். இரவு பத்து மணியளவில் றாம்ஸ்கேற்றை அடைந்தனர்.

யுத்தம் முடியும்வரை இராணுவப் பணியிலிருந்த படகு அதன் பின்னரே உரிமையாளரிடம் மீண்டது. 1952இல் லைற்றொலர் காலமானார். 1966இல் டன்கேர்க் சிறுபடகுகளுக்கென ஒரு சங்கம் உருவானதுடன், அழிந்துகொண்டிருந்த பல படகுகளுக்கு மறுவாழ்வு கிட்டியது. ‘சன்டவுனர்’ புனரமைக்கப்பட்டு, றாம்ஸ்கேற் அருங்காட்சியகத்தாரின் பொறுப்பில் வந்தது.

புனரமைப்பு என்பது எந்த ஆண்டிற்குத் திரும்புவது? 1912இன் நீராவிப் படகு 1930இலேயே மறைந்துவிட்டது. அதனை மறையச் செய்தவரும் லைற்றொலரே. பழைய பலகைகள் உக்கிப்போக, புதியன பொருத்தப்படுகின்றன. மரப்படகு நீரில் மிதக்க வேறு வழியில்லை. எனவே பேணப்படுவது 130 பேரைச் சுமந்த மரமா, அம்மரத்தின் வடிவமா என்னும் ஐயம் எழுதல் இயல்பு. றாம்ஸ்கேற்றிற் பேணப்பட்டது கடற்படையின் நீராவிப் படகன்று. ஒரு குடும்பம் உலாவுவதற்கெனச் சமைத்துக்கொண்ட உல்லாசப் படகே.