கீழாநெல்லியும் ஒரு கிருமியின் வம்சாவளியும்



திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி செல்லும் சாலையில் உள்ள நமது கீழ்பென்னாத்தூர் வட்டாரத்தில் ஒருவருக்குக் கண் மஞ்சளித்துவிட்டால், முதலில் தேடப்படுவது மருத்துவரல்ல, வரப்போரத்துக் கீழாநெல்லி. அதை அரைத்து மோரில் கலந்து வெறும் வயிற்றில் கொடுப்பர், பத்தியமும் வைப்பர். பலருக்குக் குணமாவது உண்மையே. ஆனால் அசுத்த நீரால் பரவும் காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானே தணிந்துவிடும். பெருமை இலைக்குப் போய்ச் சேர்கிறது.

நாம் இங்கு எழுத முனைவது தானே தணியாத மற்றொன்றைப் பற்றி. இரத்தத்தில் ஆண்டுக்கணக்கில் ஓசையின்றித் தங்கியிருந்து, வளைகுடா வேலைக்கான மெடிக்கலில் திடீரென வெளிப்பட்டு, ஓர் இளைஞரின் பயணத்தையும் சில வேளைகளில் பேசிவைத்த நிக்காஹையும் நிறுத்திவிடும் ஹெபடைடிஸ் பி வைரஸ் அது.

இக்கிருமி தற்செயலாகவே பிடிபட்டது. பரம்பரை வேறுபாடுகளை அறிவதற்காகப் பல நாட்டு மக்களின் இரத்தத்தைச் சேகரித்து ஒப்பிட்டு வந்தார் அமெரிக்க மருத்துவர் பரூக் பிளம்பெர்க். ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் இரத்தத்திலிருந்த ஏதோ ஒன்று, இரத்தம் உறையாத நோயுள்ள நியூயார்க் நோயாளியின் இரத்தத்துடன் வினைபுரிந்தது. 1965இல் அதற்கு ‘ஆஸ்திரேலியா ஆன்டிஜென்’ என்று பெயரிட்டு வெளியிட்டார். அது இவ்வைரஸின் மேலுறை என்பது பின்னரே தெளிவாயிற்று. 1976இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அந்த மேலுறை எங்கும் ஒன்றுபோல் இல்லை என்பது 1970களில் புலனாயிற்று. எல்லா நாட்டு வைரஸிலும் பொதுவான ஓர் அடையாளம் இருந்தது. அதனுடன் இணைந்த வேறு அடையாளங்கள் இடத்துக்கு இடம் மாறின. 1988இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், ஏறத்தாழ 3,200 எழுத்துகளே கொண்ட அதன் மரபணுத் தொடரை முழுமையாக ஒப்பிட்டு, 8 சதவீதத்துக்கு மேல் வேறுபடுபவற்றை ஏ, பி, சி, டி எனத் தனி வகைகளாகப் பிரித்தனர். பட்டியல் பின்னர் எச் வரை நீண்டது. அதன் பிறகும் வளர்ந்தது.

இவ்வகைகளை உலகப் படத்தில் வைத்துப் பார்த்தால் வியப்பே மிஞ்சும். பி, சி வகைகள் கிழக்காசியாவிலும் தென்கிழக்காசியாவிலும் மிகுதி. மேற்கு ஆப்பிரிக்காவில் இ. அமெரிக்கப் பூர்வகுடிகளிடம் எஃப், எச். டி வகையோ மத்தியதரைக் கடலோரம் தொடங்கி அரபு நாடுகள், ஈரான் வழியாக இந்தியா வரை பரவிக் கிடக்கிறது. நம் நாட்டில் டி முதலிடத்திலும் ஏ அடுத்தும் உள்ளன. கிழக்குப் பகுதிகளில் சி வகையும் உண்டு. ஆக, விசா மறுக்கப்பட்டுத் திரும்பும் நம் பிள்ளையின் இரத்தத்தில் இருப்பது, பெரும்பாலும் அவரைத் திருப்பி அனுப்பும் நாட்டிலும் மிகுதியாக உள்ள அதே வகைதான்!

வரலாறு இதைவிட ஆழமானது. இ வகையில் உள்வேறுபாடுகள் மிகக் குறைவு. அமெரிக்கக் கண்டத்துக்கு அடிமைகளாகக் கொண்டு செல்லப்பட்ட ஆப்பிரிக்கர்களின் சந்ததியரிடமும் அது அரிதே. எனவே அடிமைக் கப்பல்களின் காலத்துக்குப் பின்னரே அது பெருகியிருக்க வேண்டும் என்று கருதுகின்றனர். இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் 16ஆம் நூற்றாண்டுக் குழந்தை ஒன்றின் பதனமான உடல் உள்ளது. பெரியம்மை கண்டு இறந்ததாக நெடுங்காலம் கருதப்பட்ட அவ்வுடலில் 2018இல் கிடைத்தது டி வகை ஹெபடைடிஸ் பி. 2021இல் 137 தொல்லுடல்களிலிருந்து எடுத்த மரபணுக்களை ஆராய்ந்ததில், இக்கிருமி மனிதருடன் குறைந்தது 10,500 ஆண்டுகளாக உடன்வருவது தெரிந்தது.

இவ்வளவு காலம் அது எப்படி நிலைத்தது? பிரசவத்தில் தாயிடமிருந்து சேய்க்கும், சிறுவயதில் குழந்தைகளுக்கிடையிலும் தொற்றித்தான். பிறக்கும்போது தொற்றினால் பத்தில் ஒன்பது பேருக்கு அது நிரந்தரமாகிறது. வளர்ந்தபின் தொற்றினால் நூற்றில் ஐந்து பேருக்கும் குறைவாகவே. ஆகவே 25 வயதில் மெடிக்கலில் தெரியவரும் தொற்று பெரும்பாலும் மழலைப் பருவத்தில் வந்தது. அதைக் கொண்டு ஒருவரின் நடத்தையைப் பேசுவது அறியாமை. அவதூறு எத்தகைய பாவம் என்று நம் வாசகர்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை.

மீண்டும் கீழாநெல்லிக்கு வருவோம். 1988இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர், பிளம்பெர்கும் இணைந்து, ‘லான்செட்’ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். 30 நாள் கீழாநெல்லி உண்ட 37 பேரில் 22 பேரின் இரத்தத்தில் ஆன்டிஜென் மறைந்தது. வெற்று மருந்து உண்ட 23 பேரில் ஒருவருக்கே மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆயினும் 1990இல் தாய்லாந்தில் செய்த சோதனையில் அப்பலன் கிட்டவில்லை. செடி வேறு, மண் வேறு, வைரஸின் வகை வேறு என்றெல்லாம் காரணங்கள் பேசப்பட்டன. 2011இல் எல்லா ஆய்வுகளையும் தொகுத்து நோக்கிய காக்ரேன் அமைப்பு, நம்பத்தக்க சான்று இல்லை என்றது. ஆய்ந்து பார்க்கும் துணிவு நம் மண்ணில் இருந்ததைப் போற்றுகிறோம். அதற்காக இலையை மட்டும் நம்பிக் கல்லீரலைப் பணயம் வைக்க இயலாது.

தடுப்பூசியோ வகை பார்ப்பதில்லை. எல்லா வகைக்கும் பொதுவான அந்த ஓர் அடையாளத்தையே அது உடலுக்குக் கற்பிக்கிறது. குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் ஊசி. பின்னர் 6, 10, 14ஆம் வாரங்களில் ஐந்து நோய்களுக்கான கூட்டு ஊசியில் அடுத்தவை. அந்தக் கூட்டு ஊசி 2011 டிசம்பரில் தமிழகத்திலும் கேரளத்திலும்தான் முதலில் தொடங்கியது. அதற்கு வெகுமுன் பிறந்து ஊசி போடாதவர்களே இன்று வேலை தேடிச் செல்லும் வயதினர். தொற்றுடைய தாய் பெறும் குழந்தைக்கு ஊசியுடன் இம்யூனோகுளோபுலினும் உடனே தரப்பட வேண்டும். சிகிச்சை தேவைப்படுவோருக்கு, 2018இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனைகளில் மாத்திரை இலவசம். நிக்காஹ் பேசியிருந்தால், மணமகளுக்கோ மணமகனுக்கோ முன்கூட்டியே இரத்தப் பரிசோதனை செய்து, தொற்று இல்லையெனில் மூன்று தவணை ஊசியையும் போட்டு முடித்துவிடலாம். அதற்கு ஆவது ஆறு மாதம்.