பெரட்டுக்களமும் கெத்தாராமவும்: சொந்த மைதானம் யாருக்குச் சொந்தம்?

கொஞ்சம் நீளமான பதிவு. தேத்தண்ணி ஊற்றி வைத்துக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள்.

"சேர், நீங்களே சொல்லுங்க. பைனல் யாரு கிரவுண்ட்ல?"

போன வாரம் இடைவேளையில் தரம் 10 பையன்கள் என்னை மறித்துக் கேட்ட கேள்வி இது. மேல்கணக்குக்கும் கீழ்க்கணக்குக்கும் கிரிக்கெட் இறுதிப் போட்டி. மேல்கணக்கின் மைதானம் பெரட்டுக்களம். காலையில் ஆட்களுக்குப் பெயர் போட்டு மலைக்கு அனுப்பும் அதே இடம்தான். ஒரு பக்கம் ஸ்டோர் சுவர், மறுபக்கம் சரிவாகத் தேயிலை. பந்து தேயிலைக்குள் போனால் இரண்டு ஓட்டம், ஸ்டோர் கூரையில் ஏறினால் ஆட்டமிழப்பு. அங்கேயே பிறந்து வளர்ந்தவனுக்கு மட்டைக்குள் இருக்கும் சட்டம் இது. வெளியிலிருந்து வருகிறவன் அழகாகத் தூக்கி அடித்துவிட்டு "அவுட்டா? ஏன்?" என்று விழிப்பான். கீழ்க்கணக்குக்கோ ஆற்றோரத்துச் சமதரை. பனி விழுந்து பந்து ஈரமானால் மேல்கணக்குச் சுழல்பந்து அங்கே திரும்பாது.

ஒரு பையன் தீர்ப்பும் சொன்னான். "சனிக்கிழமை சும்மா ஒரு பிரண்ட்லி வைப்போம். வெல்றவங்க கிரவுண்ட்ல பைனல்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனுக்குத் தெரியாது, இதே யோசனையை அமெரிக்கா 14 வருடம் சட்டமாகவே வைத்திருந்தது.

பேஸ்பால் என்பது நம் எல்லே விளையாட்டுக்குத் தூரத்து உறவு. அமெரிக்காவில் அதற்கு இரண்டு பெரிய லீக்குகள் உண்டு. ஒவ்வொரு வருடமும் பருவத்தின் நடுவில் இரண்டு லீக்குகளிலுமிருந்து நட்சத்திர வீரர்களைப் பொறுக்கி ஒரு காட்சிப் போட்டி வைப்பார்கள். வென்றாலும் தோற்றாலும் ஒன்றுமில்லை, ரசிகர்களுக்கு விருந்து. 2002இல் மில்வாக்கி நகரில் அந்தப் போட்டி 7-7 என்று 11 இன்னிங்ஸ் வரை இழுத்தது. இரண்டு பக்கமும் பந்து வீச ஆளில்லை. சமநிலை என்று நிறுத்திவிட்டார்கள். காசு கொடுத்து வந்த சனம் கூச்சல் போட்டது. அந்த அவமானத்தைத் துடைக்க அடுத்த வருடம் ஒரு விதி கொண்டுவந்தார்கள்: நட்சத்திரப் போட்டியில் வெல்லும் லீக்கின் சம்பியனுக்கே வேர்ல்ட் சீரிஸ் இறுதித் தொடரில் சொந்த மைதான அனுகூலம். ஏழு போட்டி கொண்ட தொடரில் நான்கு அவர்கள் ஊரில். ஏழாவது, வாழ்வா சாவா போட்டியும் அவர்கள் ஊரில்.

இது சின்ன விஷயமல்ல. பேஸ்பாலில் சொந்த மைதான அணிதான் கடைசியாகத் துடுப்பெடுத்தாடும். மைதானங்களும் ஒரே அளவில் இருப்பதில்லை. பொஸ்டனில் இடப்பக்கம் 37 அடி உயரத்தில் பச்சைச் சுவர் ஒன்று நிற்கிறது, நம் ஸ்டோர் சுவரின் பணக்கார அண்ணன் மாதிரி. அந்தச் சுவரில் பட்டுத் திரும்பும் பந்தின் குணம் உள்ளூர்க்காரனுக்குத்தான் தெரியும்.

விதி நல்ல கூத்தெல்லாம் காட்டியது. 2011இல் டெக்சாஸ் அணியின் பந்துவீச்சாளர் சி.ஜே. வில்சன் நட்சத்திரப் போட்டியில் ஒரு பெரிய அடி வாங்கினார். அவருடைய லீக் தோற்றது. அந்த வருடம் அவருடைய டெக்சாஸ் அணியே இறுதித் தொடருக்குப் போனது. பருவத்தில் 96 வெற்றி எடுத்திருந்தும், 90 வெற்றி எடுத்த சென்ட் லூயிஸ் அணியின் ஊரில்தான் கடைசி இரண்டு போட்டிகளையும் ஆட வேண்டியிருந்தது. இரண்டிலும் தோற்றது. 2016இல் இதற்கு மறுதலை. 103 வெற்றி எடுத்த சிகாகோ கப்ஸ், 94 எடுத்த கிளீவ்லண்டின் மைதானத்தில் ஏழாவது போட்டியை ஆடி, 8-7 என்று வென்று, 108 வருடக் காத்திருப்பை முடித்தது. கொஞ்ச நாளில் அந்த விதியையும் தூக்கிவிட்டார்கள். 2017இலிருந்து பருவத்தில் கூட வென்றவனுக்கே அனுகூலம். அவ்வளவு எளிய நியாயத்துக்கு வந்துசேர 14 வருடம்!

இதைப் பையன்களிடம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்கு வேறொரு காட்சிப் போட்டி ஞாபகத்துக்கு வந்தது. அதுவும் சொந்த மைதானத்துக்காக ஆடப்பட்டதுதான். ஆனால் அங்கே கேள்வியே வேறு. எங்கள் மைதானத்துக்கு நீங்கள் வருவீர்களா, மாட்டீர்களா?

1996. அப்போது எனக்கு 17 வயது, ஏ.எல். முதல் வருடம். உலகக் கிண்ணத்தை இந்தியா, பாகிஸ்தான், இலங்கை மூன்று நாடுகளும் சேர்ந்து நடத்தின. ஜனவரி 31ஆம் திகதி கொழும்பில் மத்திய வங்கி மீது குண்டுத் தாக்குதல். ஏறத்தாழ 90 உயிர்கள் போயின. அவுஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் கொழும்புக்கு வர மறுத்தன.

அவர்களது பயத்தை நான் இன்றும் குறை சொல்லமாட்டேன். கோட்டைக்குப் போய்வந்த எங்கள் கடைத்தெரு ஆட்களே அந்த வாரம் பேயறைந்த மாதிரித்தான் திரும்பினார்கள். ஆனால் அவுஸ்திரேலியா விஷயத்தில் குண்டு மட்டுமல்ல, அதற்கு முன்பே ஒரு புண் இருந்தது.

1995 டிசம்பர் 26, மெல்பேர்ன். முரளிதரன் பந்தை எறிகிறார் என்று சொல்லி நடுவர் டரல் ஹெயார் மூன்று ஓவர்களில் ஏழு முறை 'நோ போல்' கொடுத்தார். ஹெயார் அவுஸ்திரேலியர். 1994இலிருந்து டெஸ்ட் போட்டிகளில் ஒரு நடுவர் பொதுநாட்டவராக இருக்க வேண்டும் என்று விதி வந்திருந்தது. மற்றவர் உள்ளூர்க்காரர். அன்று மறுமுனையில் நின்ற பொதுநாட்டு நடுவர் நியூசிலாந்தின் ஸ்டீவ் டன். அர்ஜுன ரணதுங்க என்ன செய்தார்? முரளியை முனை மாற்றி டன் நின்ற பக்கத்திலிருந்து வீசவைத்தார். அதே கை, அதே பந்து. மேலும் 12 ஓவர். ஒரு 'நோ போல்' கூட இல்லை.

சொந்த மைதானம் என்றால் புல்லும் மண்ணும் ஆரவாரமும் என்றுதான் நாம் நினைக்கிறோம். மெல்பேர்னில் இரண்டு முனைக்கும் ஒரே புல், ஒரே கூட்டம். வித்தியாசம் வெள்ளைக் கோட்டுக்குள் நின்றது. ஹெயார் மனசாட்சிப்படிதான் கூப்பிட்டாரா, இல்லையா என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. ஆனால் சந்தேகம் வராமலிருக்க என்ன வேண்டும் என்பதை 1986இலேயே இம்ரான் கான் காட்டியிருந்தார். மேற்கிந்தியத் தீவுகள் லாகூருக்கு வந்தபோது, தன் நாட்டு நடுவர் வேண்டாம் என்று இந்தியாவிலிருந்து இரண்டு பேரை அழைத்து நிறுத்தினார்கள். தன் அனுகூலத்தைத் தானே விட்டுக்கொடுத்த காரியம் அது. இரண்டு நடுவரும் பொதுநாட்டவராக இருக்க வேண்டும் என்று டெஸ்டில் விதியாக 2002 வரை பிடித்தது.

சரி, கொழும்புக்கு வருவோம். 1996 பெப்ரவரி 13, செவ்வாய்க்கிழமை. நோன்பு இருபதைத் தாண்டியிருந்தது. வாப்பாவின் கடையில் வானொலி. கெத்தாராமவில் இலங்கைக்கு எதிராக இறங்கியது இந்தியாவும் அல்ல, பாகிஸ்தானும் அல்ல. இரண்டும் சேர்ந்த ஓர் அணி! தலைவர் அசாருதீன். டெண்டுல்கர், வசீம் அக்ரம், வக்கார், கும்ப்ளே, சயீத் அன்வர் எல்லோரும் ஒரே பக்கம். களுவிதாரணவின் பெயருக்கு நேரே 'பிடி டெண்டுல்கர், பந்து வசீம் அக்ரம்' என்று புள்ளி அட்டையில் எழுதப்பட்டது. அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒரு வரி எழுத யாருக்கு வாய்த்தது? கூட்டணி நான்கு விக்கெட்டால் வென்றது. நாங்கள் தோற்றோம். கடையில் ஒருவர் முகத்திலும் கவலையில்லை. மஃரிபுக்கு நோன்பு திறந்து கஞ்சிக் கோப்பையைக் கையில் எடுத்தபோது வாப்பா சொன்னார், "வீட்ட வந்தவன் ஜெயிச்சிட்டுப் போகட்டும். வந்தான்ல."

அந்தப் போட்டிக்குப் பிறகும் அவுஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் வரவில்லை. விதிப்படி அந்த இரண்டு போட்டிகளின் புள்ளிகளும் இலங்கைக்கே கிடைத்தன. இதைச் சொல்லி, "ஆடாமல் கிடைத்த புள்ளி" என்று இன்றும் வம்புக்கு வருகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு என் பதில்: உள்ளூரில் ஆட வேண்டிய நான்கு போட்டிகளில் இரண்டுதான் எங்களுக்கு மிஞ்சின. சிம்பாப்வேயும் கென்யாவும் வந்தன. கென்யாவுடனான போட்டி எங்கள் பக்கத்துக் கண்டியில், அஸ்கிரியவில், மார்ச் 6ஆம் திகதி.

இங்கே கொஞ்சம் நிற்கிறேன்.

எனக்கு ஒரு சிநேகிதன் இருந்தான். தோட்டத்துப் பிள்ளை. பெரட்டுக்களத்தில் அவன் வீசும் வேகத்துக்கு ஸ்டோர் சுவரே விக்கெட் காப்பாளர். இரண்டு பேரும் கண்டிக்குப் போவதாகத் திட்டம். நான் காசு சேர்த்தேன், அவன் அம்மாவிடம் கேட்டான். ஆனால் அவனிடம் அடையாள அட்டை இல்லை. பிறப்புச் சான்றிதழ் இல்லை, அதனால் அட்டை இல்லை. தகப்பனின் பிரஜாவுரிமைக் காகிதமும் எங்கோ தொங்கிக்கொண்டிருந்தது. வழியெல்லாம் சோதனைச் சாவடி இருந்த காலம். மத்திய வங்கிக்குப் பிறகு, தமிழ் பேசுகிற ஓர் இளைஞன் அட்டை இல்லாமல் பஸ் ஏறினால் எங்கே இறக்கிவிடுவார்கள் என்று யாருக்கும் தெரியாது. வாப்பா இரண்டு பேரையும் போகவிடவில்லை. அன்று இலங்கை 5 விக்கெட்டுக்கு 398 அடித்து உலக சாதனை வைத்தது. அரவிந்த டி சில்வா 145. கடை வாசலில் நின்று கேட்டோம். அவன் அதிகம் பேசவில்லை.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பாலானோரை நாடற்றவராக்கியது. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, 150,000 பேர் பிறகு பார்ப்போம் என்று கணக்குப் பிரித்தார்கள். மிஞ்சியவர்களுக்கு உரிமை கொடுக்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. முரளிதரனின் பாட்டனாரும் தேயிலைத் தோட்ட வேலைக்குத் தென்னிந்தியாவிலிருந்து வந்தவர்தான். பிறகு அவர் இந்தியாவுக்குத் திரும்பிவிட்டார், மகன் கண்டியில் தங்கி பிஸ்கட் தொழில் செய்தார். அந்த வேரிலிருந்து வந்த ஒருவர் அஸ்கிரியவில் நாட்டின் சட்டை போட்டுப் பந்து வீசுகிறார். அதே வேரிலிருந்து வந்த என் சிநேகிதன் மூன்று மணித்தியால பஸ் தூரத்தில் உள்ள மைதானத்துக்குப் போக முடியாமல் நிற்கிறான். சொந்த மைதானம் என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கடை வாசல்தான் முன்னால் வரும்.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்கெல்லாம் மனப்பாடம். காலிறுதி பைசலாபாத்தில், ஜயசூரிய 44 பந்தில் 82. அரையிறுதி கல்கத்தா ஈடன் தோட்டத்தில். அங்கே அனுகூலமெல்லாம் இந்தியாவுக்கு: ஊர், மைதானம் கொள்ளாத கூட்டம், நாணயச் சுழற்சியும் அவர்கள் பக்கம். முதல் ஓவரிலேயே ஜயசூரிய, களுவிதாரண இருவரும் போனார்கள். அப்படியிருந்தும் இலங்கை 251 எடுத்தது. 98க்கு ஒன்று என்று போன இந்தியா 120க்கு எட்டு என்று சரிந்தது. கூட்டம் போத்தல் எறிந்தது, இருக்கைகளுக்குத் தீ வைத்தது. போட்டித் தீர்ப்பாளர் கிளைவ் லொயிட் வெற்றியை இலங்கைக்குக் கொடுத்தார். எந்தக் கூட்டம் பலமென்று நம்பினார்களோ அதுவே ஆட்டத்தை முடித்துவைத்தது.

இறுதிப் போட்டி மார்ச் 17, ஞாயிறு, லாகூர். எதிரே, கொழும்புக்கு வர மறுத்த அதே அவுஸ்திரேலியா. யாருக்கும் சொந்த மைதானமில்லை என்பது ஏட்டில். ஆனால் அரங்கம் இலங்கைக்காகக் கத்தியது. அரவிந்த ஆட்டமிழக்காமல் 107, ஏழு விக்கெட்டால் வெற்றி. ஹற்றன் டவுனில் வெடி போட்டவர்களில் என் சிநேகிதனும் ஒருவன். அட்டை கேட்க அன்று யாருமில்லை.

அதே லாகூரில் 2009 மார்ச் 3ஆம் திகதி, கடாபி மைதானத்துக்குப் போகும் வழியில் இலங்கை வீரர்களின் பஸ்ஸைச் சுட்டார்கள். பாதுகாப்புக்கு வந்த பொலிஸார் உயிரிழந்தார்கள். முரளியும் அந்த பஸ்ஸில் இருந்தார். சாரதி நிறுத்தாமல் ஓட்டியதால் அணி தப்பியது. அதன்பின் பாகிஸ்தான் தன் 'சொந்த' டெஸ்ட்களைப் பத்து வருடம் பெரும்பாலும் பாலைவனத்தில், துபாயிலும் அபுதாபியிலும் சார்ஜாவிலும் ஆடியது. 2019 டிசம்பரில் டெஸ்ட் கிரிக்கெட்டை மீண்டும் அந்த மண்ணுக்குக் கொண்டுபோனது எந்த அணி? இலங்கைதான், ராவல்பிண்டிக்கும் கராச்சிக்கும். 1996 பெப்ரவரியில் வாங்கிய கடன் என்று யாரும் கணக்கெழுதி வைக்கவில்லை. ஆனாலும் அது அடைக்கப்பட்டது.

இப்போது இந்தியாவும் பாகிஸ்தானும் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போவதில்லை. 2025 சம்பியன்ஸ் கிண்ணத்தை நடத்தியது பாகிஸ்தான், இந்தியாவோ தன் போட்டிகளை எல்லாம் துபாயில் ஆடியே வென்றது. மற்ற அணிகள் பறந்து திரிய, ஒரே மைதானத்தில் தங்கியிருந்தது அனுகூலமில்லையா என்று உலகமே சண்டை போட்டது. அந்த வருடம் ஒக்டோபர் 5ஆம் திகதி பெண்கள் உலகக் கிண்ணத்தில் இரு நாடுகளும் மோதின. பொது மைதானம் எது தெரியுமா? அதே கெத்தாராம. ஒருகாலத்தில் டெண்டுல்கர் பிடிக்க அக்ரம் வீசிய இடத்தில், அன்று இரு அணியும் கைகூடக் கொடுக்காமல் போயின.

பையன்களுக்கு இவ்வளவும் சொல்லி முடிக்க மணி அடித்துவிட்டது. பிரண்ட்லி வைத்து மைதானம் தீர்மானிக்கும் யோசனையை நான் ஒத்துக்கொள்ளவில்லை. இந்தப் பருவத்தில் யார் கூட வென்றார்களோ அவர்கள் மைதானம். எண்ணிப் பார்த்தால் மேல்கணக்கு. ஆகவே பைனல் பெரட்டுக்களத்தில்தான். ஆனால் ஸ்டோர் கூரை சட்டத்தையும் தேயிலை சட்டத்தையும் ஒரு தாளில் எழுதி வெள்ளிக்கிழமைக்குள் கீழ்க்கணக்குக்குக் கொடுத்துவிட வேண்டும். நடுவராக நிற்கச் சொல்லி என்னைத்தான் கேட்டார்கள். முடியாது என்றேன். என் வகுப்பில் கீழ்க்கணக்குப் பிள்ளைகள் கூட. பக்கத்துத் தோட்டத்திலிருந்து இரண்டு பேரைக் கூப்பிட்டிருக்கிறோம், பஸ் காசு என் பொறுப்பு.

சனிக்கிழமை காலை பெரட்டு முடிந்ததும் ஆட்டம். மழை வராவிட்டால்.