வைமானிக சாஸ்திரத்தைச் சோதித்த ஐவர்

விமானத்தை வானில் தாங்குவது இறக்கை. அது காற்றைக் கீழ்நோக்கித் திருப்புகிறது. அதற்கு எதிர்வினையாகத் தூக்குவிசை பிறக்கிறது. பரத்வாஜ முனிவர் அருளியதாகச் சொல்லப்படும் ‘வைமானிக சாஸ்திர’த்தை 1974இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் எச். எஸ். முகுந்தா உள்ளிட்ட ஐவர் பறத்தலின் விதிகளைக் கொண்டே சோதித்தனர். எள்ளி நகையாடி ஒதுக்கியிருக்கலாம். அவர்களோ வடமொழிச் சுலோகங்களையும் விமானங்களின் அமைப்பையும் பொறுமையாக ஆராய்ந்தனர். சுந்தரம், ருக்மம், திரிபுரம் மட்டுமல்ல, சிறகுடைய சகுனமும் பறக்க இயலாதது என்பது அவர்கள் முடிவு. நூலின் மொழிநடையோ வேதகாலத்தது அன்று. சுப்பராய சாஸ்திரி சொல்லச் சொல்ல எழுதப்பட்ட அந்நூல் 1904க்கு முற்பட்டதன்று எனவும் கண்டனர். அதன் வரைபடங்களை எல்லப்பா என்பவர் வரைந்தது 1923இல். ரைட் சகோதரர்கள் பறந்து அப்போது இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன.