பெட்டிக்குள் இருந்த ஈயச் சுருள்

1974-இல் பம்பாயில் ஓர் ஆய்வுக்கூடத்தின் பழுதுபார்க்கும் பிரிவில் சேர்ந்தேன். முதலில் என் கைக்கு வந்தது டெக்ட்ரானிக்ஸ் 545 ஆஸிலோஸ்கோப். மின் அலையைத் திரையில் கோடாக வரைந்து காட்டும் கருவி. வால்வு காலத்துச் சரக்கு. இரண்டு ஆள் சேர்ந்துதான் மேஜையில் ஏற்றணும்.

அதைச் செய்த நிறுவனம் 1946-இல் அமெரிக்காவின் போர்ட்லாண்டில் தொடங்கியது. ஹோவர்ட் வோலமும் ஜாக் மர்டாக்கும் அதன் நிறுவனர்களில் முக்கியமானவர்கள். 1947-இல் வந்த 511 அவர்களுடைய முதல் ஸ்கோப். விலை 795 டாலர். ஓடுகிற அலையைச் சரியான கணத்தில் பிடித்துத் திரையில் நிறுத்தும் 'ட்ரிக்கர்' வசதி அதில் இருந்தது.

545-இன் மூடியைத் திறந்தால் வரிசையாகப் பீங்கான் பட்டைகள். அவற்றின் பள்ளங்களில் வெள்ளிப்பூச்சு. அதில்தான் ரெசிஸ்டர், கண்டென்சர் எல்லாம் பற்றவைத்திருக்கும். சாதாரண ஈயத்தைச் சூடாக்கி வைத்தால் அது அந்த வெள்ளியைக் கரைத்துத் தின்றுவிடும். ஆகவே சுமார் 3 சதவீதம் வெள்ளி கலந்த ஈயம் வேண்டும். அதில் ஒரு சின்னச் சுருளைத் தொழிற்சாலையிலேயே பெட்டிக்குள் மாட்டி அனுப்பினார்கள்! என்றோ, எங்கோ ஒருவன் இதைப் பிரிப்பான் என்று நினைத்துப் பார்த்திருக்கிறார்கள், பாருங்கள்.

அந்த ஒருவன் நான்தான். யாரோ மறந்து விட்டது என்று சுருளைக் கழற்றி எறிந்துவிட்டு, கடை ஈயத்தால் ஒரே இடத்தில் மூன்று முறை பற்றவைத்தேன். மூன்றாவது முறை வெள்ளிப்பூச்சே பெயர்ந்து வந்தது.

"தம்பி, உள்ள ஒரு சுருள் இருந்துதே, எங்க?" என்றார் எங்கள் மூத்த மெக்கானிக், தஞ்சாவூர்க்காரர்.

"குப்பையில போட்டுட்டேண்ணே."

அவர் திட்டவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

சுத்தம் செய்யவும் அவர்தான் கற்றுக்கொடுத்தார். மின்கருவியைச் சோப்புத் தண்ணீரில் கழுவுவதா என்று பதறினேன். அந்த நிறுவனத்தாரே அப்படித்தான் கழுவி, இளஞ்சூட்டு அடுப்பில் உலர்த்துவார்களாம். பவரைத் துண்டித்து, கண்டென்சரில் தேங்கிய மின்சாரத்தை இறக்கி, டிரான்ஸ்பார்மரில் ஈரம் படாமல் மூடி, மெல்லிய பிரஷ்ஷால் தேய்த்து, டிஸ்டில்டு வாட்டரில் அலசினோம். பம்பாய் மழைக்காலத்தில் உலர்த்துவதுதான் பெரும்பாடு. அலமாரிக்குள் பல்பு எரியவிட்டு மூன்று நாள் வைத்தோம். பிறகு வேரியாக்கில் வோல்டேஜைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினோம். பழைய எலக்ட்ரோலிடிக் கண்டென்சர்கள் ஒரே அடியாகக் கொடுத்தால் தாங்காது.

பச்சைக் கோடு திரையில் வந்தது. லாமிங்டன் ரோட்டில் கடை கடையாக ஏறி இறங்கியும் வெள்ளி ஈயம் மட்டும் எனக்குக் கிடைக்கவில்லை. நான் கெடுத்த பள்ளத்தைத் தாண்டி, அந்தரத்தில் ஒரு கம்பி இழுத்து இணைத்தோம். கருவியைக் கழித்துக் கட்டிய நாள் வரை அந்தக் கம்பி அப்படியே இருந்தது.