சர்க்கரைக்குத் தேடப்போய்க் கிடைத்த மருந்து

புற்றுநோய்க்கான மருந்து நம் முன்னோருக்கு அன்றே தெரியும் என்று வாதிடுபவர்கள் முதலில் காட்டும் சாட்சி நித்தியகல்யாணி. குழந்தைகளின் இரத்தப் புற்றுக்கு ஏற்றப்படும் வின்கிரிஸ்டினும், ஹாட்ஜ்கின் நோய்க்குத் தரப்படும் வின்பிளாஸ்டினும் அந்தச் செடியிலிருந்து வந்தவைதாம், மறுப்பதற்கில்லை. ஆனால் அவை வந்த வழியைக் கவனித்தால் சாட்சி வேறு மாதிரி பேசுகிறது. முதலாவது, செடியே இந்த மண்ணுக்கு உரியதல்ல. மடகாஸ்கர் தீவுக்கு உரியது. 18ஆம் நூற்றாண்டில் பாரிஸ், லண்டன் தாவரத் தோட்டங்களில் அலங்காரச் செடியாக வளர்க்கப்பட்டு, வெப்பநாடுகள் எங்கும் வேலியோரத்திலும் சுடுகாட்டிலும் தானாகவே முளைக்கும் அளவுக்குப் பரவியது. போன இடங்களிலெல்லாம் நாட்டு வைத்தியம் அதைத் தனதாக்கிக்கொண்டது. ஜமைக்காவிலும் பிலிப்பைன்ஸிலும் இங்கும் அதற்குக் கிடைத்த பெயர் சர்க்கரை நோய் மருந்து என்பதுதான். புற்று மருந்து என்பதல்ல.

இரண்டாவது, புற்று மருந்து கண்டறியப்பட்ட விதம். 1952இல் கனடாவில் கிளார்க் நோபிள் என்ற மருத்துவருக்கு ஜமைக்காவிலிருந்து ஒரு தபால் உறை வந்தது. உள்ளே 25 இலைகள். சர்க்கரை நோயாளிகள் இதைக் கஷாயமாகக் குடிக்கிறார்கள் என்று குறிப்பு. அவர் இலைகளைத் தம்பி ராபர்ட் நோபிளிடம் கொடுத்தார். மேற்கு ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் சாற்றை எலிகளுக்குப் புகட்டிப் பார்த்தார்கள், சர்க்கரை அசையவில்லை. ஊசியாக ஏற்றியபோது எலிகள் சில நாளில் கிருமித்தொற்றில் செத்தன. அந்தச் சாவை விட்டுவிடாமல் காரணம் தேடியதில்தான் எல்லாம் இருக்கிறது: வெள்ளையணுக்கள் சரிந்திருந்தன, எலும்பு மஜ்ஜை ஒடுங்கியிருந்தது. வெள்ளையணுக்கள் கட்டுமீறிப் பெருகும் நோய்க்கு இதுவே ஆயுதமாகலாமே என்று யோசனை திரும்பியது. ராபர்ட்டும் சார்லஸ் பீரும் 1958இல் வின்பிளாஸ்டினை அறிவித்தார்கள். அதே காலத்தில் அமெரிக்காவில் ஈலை லில்லி நிறுவனமும் சர்க்கரைக்கு என்று தொடங்கி, இரத்தப் புற்று எலிகளில் பலன் கண்டது. அங்கே கோர்டன் ஸ்வோபோடா பிரித்தெடுத்த வின்கிரிஸ்டின் 1963இல் அனுமதி பெற்றது.

அப்படியானால் மரபறிவுக்கு இதில் பங்கே இல்லையா என்று கேட்கலாம். உண்டு. ஜமைக்காக்காரர்கள் கஷாயம் குடிக்காமல் இருந்திருந்தால் அந்த உறை வந்திருக்காது. மரபு ஆய்வாளரின் கண்ணை ஒரு செடியின் மேல் நிறுத்தியது. செடி என்ன செய்யும் என்பதைச் சொன்னது அளவீடு. சுட்டுவது வேறு, நிறுவுவது வேறு. எதிர்த்தரப்பும் அவசரப்படுகிறது: கண்ணை மூடிக்கொண்டு ஆயிரக்கணக்கான செடிகளைச் சோதித்தாலும் கிடைத்திருக்குமே என்கிறது. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 1960 முதல் 1982 வரை சுமார் 35,000 தாவர மாதிரிகளைச் சோதித்து, பசிபிக் யூ மரப்பட்டையிலிருந்து டாக்சால் போன்ற சில புற்று மருந்துகளைக் கண்டது உண்மைதான். ஆனால் அத்தனை உழைப்புக்கு விளைச்சல் அவ்வளவே. ஒரு தபால் உறையோடு ஒப்பிட்டால் அது செலவுமிக்க வழி.

இலையே மருந்து என்பவர்களுக்கு ஒரு கணக்கு போதும். 1 கிராம் வின்பிளாஸ்டினுக்குச் சுமார் 500 கிலோ காய்ந்த இலை வேண்டும். வின்கிரிஸ்டினுக்கு 2,000 கிலோ. வின்கிரிஸ்டினை ஒரு வேளைக்கு வழக்கமாக 2 மில்லிகிராமுக்கு மேல் ஏற்றுவதில்லை. அதாவது ஒரே ஊசிக்கு நான்கு கிலோ சருகு. கூடவே அந்த இலையில் நூற்றுக்கும் மேற்பட்ட ஆல்கலாய்டுகள் கலந்திருக்கின்றன. கஷாயத்தில் எது எவ்வளவு இறங்கும் என்று யாரும் அளந்து தர முடியாது. இயற்கையானது, ஆகவே கெடுதல் இல்லை என்பதும் நிற்காது. பிரியும் செல்லுக்குள் குரோமோசோம்களை இழுத்துப் பிரிக்கும் நுண்குழல்களை வின்கிரிஸ்டின் கட்டவிடாமல் தடுக்கிறது. நரம்புக்கும் அதே குழல்கள் வேண்டும் என்பதால் நோயாளியின் விரல்கள் மரத்துப்போகின்றன. சிரையில் மட்டுமே ஏற்ற வேண்டிய இதை யாராவது தவறுதலாக முதுகுத்தண்டு நீரில் செலுத்திவிட்டால் பெரும்பாலும் மரணம்தான். குழந்தைகள் பிழைப்பதும் இது ஒன்றால் அல்ல. 1960களில் ஸ்டீராய்டோடும் வேறு மருந்துகளோடும் இதைச் சேர்த்துக் கொடுக்கத் தொடங்கிய பிறகே நிலைமை மாறியது.

இந்தக் கதையில் தமிழ்நாட்டுக்கு உரிய உண்மையான இடம் ஏட்டுச்சுவடியில் இல்லை, மானாவாரி நிலத்தில் இருக்கிறது. ராமநாதபுரம், விருதுநகர், தூத்துக்குடி வட்டாரங்களில் நித்தியகல்யாணி பணப்பயிர். ஆறாம் மாதமும் ஒன்பதாம் மாதமும் இலையை உருவி உலர்த்துகிறார்கள். ஓராண்டானதும் செடியை வேரோடு பிடுங்கி, இரத்த அழுத்த மருந்துக்கான அஜ்மலிசின் உள்ள வேரைத் தனியே விற்கிறார்கள். டன் கணக்கில் இலை கேட்கும் தொழிலுக்கு மழை குறைந்த கரிசலும் செம்மண்ணும் தோதாயின. அந்தத் தேவையும் நிலையானதல்ல: வின்பிளாஸ்டினுக்கான இரு மூலக்கூறுகளை மரபணு மாற்றிய ஈஸ்ட்டிலேயே உருவாக்கியதாக 2022இல் ஆய்வாளர்கள் அறிவித்துவிட்டார்கள்.