துப்பாக்கி கைமாற 45 நாள்

நெல்லையில் இருக்கும் அண்ணன் தன் துப்பாக்கியைத் திருவனந்தபுரத்துத் தம்பிக்கு அனுப்ப கூரியர் ரசீது மட்டும் போதுமா? போதாதுங்க.

1801-இல் மருது சகோதரர்களைத் தூக்கிலிட்ட கம்பெனி, தெற்கத்திப் பாளையங்களின் ஆயுதங்களைப் பறித்தது. 1878-இல் லிட்டன் பிரபு காலத்துச் சட்டம் பிரிட்டிஷ் இந்தியா முழுக்க லைசென்ஸ் கேட்டது. வெள்ளைக்காரர்களுக்கு விலக்கு!

சுதந்திர இந்தியாவின் 1959 சட்டத்தில் அந்தப் பாகுபாடு இல்லை. அதன் ஐந்தாம் பிரிவுப்படி தனிநபர் இன்னொருவருக்குத் துப்பாக்கியை விற்கலாம், கொடுக்கலாம். ஆனால் வாங்குபவருக்கு லைசென்ஸ் வேண்டும். அவர் பெயர், விலாசத்தை மாவட்ட மாஜிஸ்திரேட்டுக்கோ போலீஸ் ஸ்டேஷனுக்கோ எழுதிக்கொடுத்து, 45 நாள் பொறுக்கவேண்டும்.

பேங்க்கில் டெபாசிட்டைப் பேர் மாற்றவே நாங்கள் நாலு கையெழுத்து கேட்கிறோம். உயிரெடுக்கும் சாமானுக்கு 45 நாள் அதிகமா, நீங்களே சொல்லுங்க!